மதினியின் மடக்குத் துப்பாக்கி

எங்கள் முப்பிடாதி மதினிக்குத் துப்பாக்கி எதற்கு என்று கேட்டவர்களில் ஒருத்தர்கூட அவளுடைய தோப்பில் ஒரு ராத்திரி தனியாகப் படுத்துப் பார்த்ததில்லை. தென்காசியில் நான் வைத்திருக்கும் தையல் கடைக்கு ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள்தான் அதிகம் கேட்டார்கள். "பொம்பளைக்கு எதுக்குக்கா துப்பாக்கி?" என்பார்கள். "ஆம்பளைக்கு எதுக்கு?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அதற்குப் பிறகு பேச்சை விட்டுவிட்டு அளவுக்குக் கையை ஒழுங்காக நீட்டுவார்கள்.

மதினி என்றால் என் பெரியண்ணன் குற்றாலிங்கத்தின் பெண்டாட்டி. பிறந்த ஊர் ராயகிரி. கல்யாணம் முடிந்த கையோடு அண்ணன் பட்டாளத்துக்குத் திரும்பிப் போய்விட்டான். லீவில் வருவான், கோழி அடித்துத் தின்பான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். ஆயிரப்பேரிக்கு மேற்கே, பழைய குற்றாலம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, மலையடியில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பொட்டல் கிடந்தது. பங்கு பிரித்தபோது எல்லாரும் வேண்டாம் என்று சொன்ன நிலம் அது. அதை அண்ணன் தலையில் கட்டினார்கள். கல்லைப் பொறுக்கி, வாய்க்காலை வெட்டித் திருப்பி, அதைத் தென்னந்தோப்பாக்கியது மதினி. அண்ணன் பட்டாளத்தில் இருந்து எழுதிய கடிதங்களில் எல்லாம் "தோப்பு எப்படி இருக்கு" என்று கேட்பானாம். "நீங்க வந்து பாருங்க" என்பாளாம் இவள்.

பிள்ளை இல்லை. அதைச் சொல்லிக் காட்டாத சொந்தக்காரர் கிடையாது. சொன்னவர்களுக்கு மதினி இளநீர் வெட்டிக் கொடுத்ததும் கிடையாது.

அவளைச் சாது என்று நினைத்துவிட வேண்டாம். மகா கோபக்காரி. சீசன் நேரத்தில் வெளியூரிலிருந்து வேன் பிடித்து வருகிறவர்கள், அருவியில் கூட்டம் அதிகம் என்று பாட்டிலோடு இவள் வாய்க்காலில் இறங்கிவிடுவார்கள். ஒரு தடவை அப்படி இறங்கின கூட்டத்தின் தலையில் சாணித் தண்ணீரை வாளியோடு கவிழ்த்தாள். "அருவி அங்கன இருக்கு. இது என் வீடு. உங்க வீட்டுக் குளியலறையில நான் வந்து குளிச்சா சும்மா இருப்பியளா?" என்று கேட்டாளாம். நனைந்த துண்டோடு ஓடினார்கள்.

அண்ணன் ஓய்வு பெற்று வந்த பிறகு இரண்டு பேரும் தோப்பு வீட்டிலேயே இருந்தார்கள். எங்கள் அப்பா காலத்து ரெட்டைக்குழல் துப்பாக்கி அண்ணன் பேரில் இருந்தது. பன்றி இறங்கினால் தோப்பின் நடுவில் இருக்கும் பரணில் ஏறி வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பான். பன்றியைச் சுடக்கூடாது, அது சட்டம். சத்தம் போதும். அந்தச் சத்தம் மலையில் முட்டி ஊருக்குள் வரும். குற்றாலிங்கம் தோப்பில் இருக்கிறான் என்று பன்றிக்கும் தெரியும், தேங்காய்த் திருடனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

போன ஆவணியில் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. லைசென்ஸ்காரர் போய்விட்டால் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போய்விட வேண்டும். போனது. சத்தம் நின்றது. அதற்குப் பிறகு பன்றிகள் குட்டிகளோடு வந்தன. மதினி புதிதாக வைத்த தென்னங்கன்றுகளை ஒன்று விடாமல் கிண்டிக் குருத்தைத் தின்றுவிட்டுப் போயின. ஒரு நாள் அந்தி நேரத்தில் இரண்டு பேர் தண்ணீர் கேட்டு வந்தார்கள். ஒருத்தன் தண்ணீர் குடித்தான், இன்னொருத்தன் வீட்டைச் சுற்றிப் போய்ப் பின்கதவைத் தள்ளிப் பார்த்தான். மதினி அரிவாளை எடுத்த பிறகுதான் போனார்கள்.

இதைத்தான் என் சின்னண்ணன் பாண்டித்துரை பிடித்துக்கொண்டான். அண்ணனுக்குக் கருமாதி விசேஷம் கழிந்த அன்று, பந்தல் பிரிப்பதற்கு முன்னாலேயே, சொந்தக்காரர் எல்லாரையும் வைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"மதினி, நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன். ஒத்தையில அங்கன எப்படிக் கிடப்பிய? நல்ல பார்ட்டி ஒண்ணு வந்திருக்கு. காட்டேஜ் கட்டப் போறாங்க. வித்துட்டு டவுன்ல என் மாடி வீட்டுல வந்து இருங்க. பேசாம மூணு வேளை சாப்பிட்டுட்டு டிவி பாருங்க."

எல்லாரும் வேண்டாம் என்று தள்ளின பொட்டல் இப்போது காட்டேஜ் ஆகப் போகிறது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மதினியே பேசிவிட்டாள்.

"கொழுந்தப்பிள்ளை, துப்பாக்கி லைசென்ஸை என் பேருக்கு மாத்தப் போறேன்."

பந்தலே சிரித்தது. சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்துவிட்டு அவள் சொன்னாள்: "அடுத்த சாரல் வரைக்கும் டயம். சாரல் விழும்போது நான் கன்னு வைப்பேன். அந்தக் கன்னைக் காப்பாத்த என்னால முடியாதுன்னு தெரிஞ்சா நானே வந்து கையெழுத்துப் போட்டுட்டு உம்ம மாடிக்கு வாரேன். முடிஞ்சுதுன்னா, தோப்பைப் பத்தி என் காது கேக்கப் பேசக்கூடாது."

"சரி மதினி. இத்தனை பேரு சாட்சி," என்றான் பாண்டித்துரை. அவனுக்கு வாயெல்லாம் பல். தோப்பு அப்போதே கையில் வந்துவிட்ட மாதிரி.

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவுகிற இடத்தில் என் மகள் இசக்கிசெல்வி மதினியிடம் செல்போனைக் கொண்டுவந்து காட்டினாள். செல்வி ஆயுதப் படைப் போலீசில் இருக்கிறாள். அவளுக்குத் துப்பாக்கி வீடியோ பார்ப்பதென்றால் சோறு வேண்டாம். ஏதோ வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் முதுகில் தொங்கும் பையைத் திறந்து, மடித்து வைத்த கார்பைன் என்கிற குட்டைத் துப்பாக்கியை எடுத்து, டக்கென்று விரிக்கிறான். காட்டுக்கும் ஆச்சாம், வீட்டுக்கும் ஆச்சாம். மதினி கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

"ஏட்டி, இது கொள்ளாமே, நல்லாருக்கே! கடவப் பெட்டிக்குள்ள வச்சு, மேல புல்லைப் போட்டு மூடிட்டுப் போயிரலாம். ஒரு பய கண்டுபிடிக்க மாட்டான்."

"இதெல்லாம் நம்ம ஊருல பொதுமக்களுக்குக் குடுக்க மாட்டாங்க அத்தை. கேட்டாலே உள்ள வச்சிருவாங்க."

"அப்ப எதுக்குட்டி சவம் எனக்குக் காட்டுத?"

"சும்மா, ஆசைக்கு."

"ஆசையைக் காட்டிட்டு இல்லேங்கா பாரு, மூதி," என்று செல்வியின் தலையில் ஒரு தட்டு தட்டினாள். ஆனால் அன்றைக்கே அவளுக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிட்டது. அப்பாவின் ரெட்டைக்குழல் ஓர் ஆள் நீளம். தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினால் பரண் கம்பில் இடிக்கும். அண்ணன் ஏறிய பிறகு இவள் கீழேயிருந்து எடுத்துக் கொடுப்பாள். இனிமேல் எடுத்துக் கொடுக்க ஆள் யார்? "மடக்குனா ஒத்தக் கைக்குள்ள அடங்கணும் சுந்தரி," என்றாள் என்னிடம்.

இந்த இடத்தில் எங்கள் குடும்ப வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பங்குனியில் மாடன் கோயிலில் கொடைத் திருவிழா நடக்கும். அன்றைக்குத் துப்பாக்கிக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, சாமி முன்னால் வைத்து எடுப்பார்கள். அதைத் தோளில் சாத்திக்கொண்டு ஊர்வலத்துக்கு முன்னால் நடக்கிறவனுக்குத்தான் முதல் மரியாதை. எங்கள் ஆட்களுக்குத் துப்பாக்கி என்றால் அந்த நடைதான். பன்றியும் பரணும் அவர்களுக்கு ஞாபகத்தில் இருக்காது.

கொடைக்கு முன்னால் கோயிலில் கூட்டம் போட்டார்கள். பாண்டித்துரை மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தான். "துப்பாக்கி எங்க அப்பா சொத்து. ஆண் வாரிசு இருக்கும்போது அது வேற வீட்டுல இருந்து வந்த பொம்பளை கைக்குப் போகக்கூடாது. என்கிட்ட வரணும்." பெரியவர்கள் எல்லாரும் ஆமாம் போட்டார்கள்.

சண்டை வரும் என்று நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றேன். மதினியோ எழுந்திருக்கக்கூட இல்லை.

"தாராளமா எடுத்துக்கோங்க. அந்த இரும்பு எனக்கு வேண்டாம்."

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான். வெளியே வந்ததும் அவளைப் பிடித்து உலுக்கினேன். "உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கியே!"

"எதைக் குடுத்தேன்? துப்பாக்கியைத்தான் கேட்டான். லைசென்ஸைக் கேட்டானா?"

அட, ஆமாம்! அத்தனை மீசைகளில் ஒன்றுக்குக்கூட அது தோன்றவில்லை. துப்பாக்கி வந்துவிட்டால் எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். நான் ரோட்டில் நின்று சிரித்த சிரிப்பில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பாண்டித்துரை அதோடு விட்டானா? மெயின் ரோட்டில் ஃபிளெக்ஸ் வைத்தான். கொடைக்கு வருகிறவர்களை வரவேற்கும் ஃபிளெக்ஸ். அதில் அவன் ஆள் உயரத்துக்கு நிற்கிறான், தோளில் அந்த ரெட்டைக்குழல், பின்னால் ஒரு புலி. போன வருஷக் கொடையில் பெரியண்ணனுக்கு முழங்கால் வலி என்று இவன் துப்பாக்கியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான் அல்லவா, அப்போது எடுத்த படம். புலியை மட்டும் கடைக்காரன் சேர்த்திருந்தான். அந்தப் புலிதான் பாவம், மிரண்டுபோய் நின்றது.

மறுநாள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில், துப்பாக்கியை வாங்கிவர ஸ்டேஷனுக்குப் போனான். அங்கே நடந்ததைக் கூடப் போனவர்கள் டீக்கடையில் நடித்தே காட்டினார்கள்.

இன்ஸ்பெக்டர் உட்காரச் சொல்லியிருக்கிறார். "ரோட்டுல ஃபிளெக்ஸ் பாத்தேன். அதுல நிக்கது நீங்கதானே?"

"நாந்தான் சார்." நெஞ்சு நிமிர்ந்திருக்கிறது.

"லைசென்ஸ் யார் பேருல இருந்துச்சு?"

"அண்ணன் பேருல சார்."

"அப்படியா! லைசென்ஸ் இல்லாத ஆளு கையில துப்பாக்கி எப்படி வந்துச்சு? கேஸ் ஆகுமே?"

பாண்டித்துரைக்கு வேர்த்திருக்கிறது. துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, "அது கிராபிக்ஸ் சார்," என்றானாம்.

"எது? புலியா, துப்பாக்கியா?"

"ரெண்டும் சார்."

"நல்லது. அப்ப அந்தத் துப்பாக்கிக்கும் உமக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாதுன்னு எழுதிக் குடுத்துட்டு, ஃபிளெக்ஸை இறக்கிட்டுப் போம்."

எழுதிக் கொடுத்தான், மதினிக்கு லைசென்ஸ் கொடுக்கக்கூடாது என்று முன்னால் போட்டிருந்த மனுவையும் திரும்ப வாங்கிக்கொண்டான். வேறு வழி? அந்த வருஷக் கொடையில் ஊர்வலத்துக்கு முன்னால் துப்பாக்கி போகவில்லை. மாடன் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. இறக்கின ஃபிளெக்ஸைக் கோயிலுக்குப் பின்னால் சுருட்டிப் போட்டிருந்தார்கள். மதினி அதைத் தலையில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். "நல்ல கெட்டி ஷீட்டு. பரணுக்குக் கூரை போட்டா சாரலுக்கு ஒழுகாது," என்றாள்.

லைசென்ஸ் மட்டும் அவ்வளவு லேசில் வரவில்லை. கிராம அலுவலரிடமிருந்து தாலுகா, தாலுகாவிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து கலெக்டர் ஆபீஸ் என்று நடந்தாள். துப்பாக்கி பிடிக்கத் தெரியும் என்பதற்குப் பயிற்சிக்கும் போய்வந்தாள். கலெக்டர் ஆபீஸ் விசாரணைக்கு நானும் கூடப் போனேன். அந்த அதிகாரி நல்ல மனுஷன்தான், மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, இந்த வயசுல துப்பாக்கி எதுக்கு? வேலி போட்டுக்கக் கூடாதா?"

"போட்டிருக்கேன் சார். அது பன்னிக்கு. பின்கதவைத் தள்ளிப் பாக்கவனுக்கு என்ன வேலி போடணும்னு நீங்க சொல்லுங்க, போடுதேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யாரையும் சுட்டுருவீங்களோன்னு சொந்தக்காரங்க மனு குடுத்திருந்தாங்க. இப்ப வாபஸ் வாங்கிட்டாங்க. இருந்தாலும் கேக்கணும்ல?"

"சுடுறதுன்னா முதல்ல அந்தச் சொந்தக்காரனைல்லா சுட்டிருக்கணும்," என்றாள். போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் முழங்கையைக் கிள்ளினேன். அவள் கையை உதறிவிட்டுப் பேசினாள். "சார், நான் யாரையும் சுடப் போறதில்ல. எனக்குச் சத்தம் வேணும். என் வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் தோப்புல சத்தம் இருந்துச்சு. இப்ப இல்ல. சத்தம் இல்லேன்னா ஆள் இல்லேன்னு அர்த்தமாம். நான் அங்கனதான் இருக்கேன் சார். கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அங்கனதான் இருக்கேன். அது ஒருத்தன் காதுலயும் விழல."

அதிகாரி பேனாவை எடுத்து மனுவில் ஏதோ எழுதினார். பிறகு, "போய்ட்டு வாங்கம்மா," என்றார். எனக்கு அழுகை வந்தது. வராண்டாவில் வைத்து அழுதேன். "நீ ஏன்ட்டி அழுத? நல்லாத்தானே பேசுனேன்?" என்று கேட்டாள் அவள்.

காற்று மேற்கே திரும்பி, மலை முகட்டில் மேகம் உட்கார ஆரம்பித்த பிறகுதான் லைசென்ஸ் கைக்கு வந்தது. அடுத்த நாளே மதினி, செல்வி, நான் மூன்று பேரும் திருநெல்வேலியில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் செல்வியைப் பார்த்து, "சாருக்கா மேடம்? சார் வரலியா?" என்றார். செல்வி மதினியைக் காட்டினாள். அவர் மரியாதைக்காரர், உடனே மதினிக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

மதினி உட்காரவில்லை. கடையைச் சுற்றிப் பார்த்தாள். "அண்ணாச்சி, இங்கன ஏணி இருக்கா?"

"ஏணியா? எதுக்கும்மா?"

"எடுங்களேன், சொல்லுதேன்."

மேல் அலமாரிக்கு வைத்திருந்த மர ஏணியை எடுத்து வந்தார். மதினி சேலையை வரிந்து கட்டினாள். முதலில் ஒரு ரெட்டைக்குழலை வாங்கினாள். குண்டு இல்லை என்று செல்வி திறந்து பார்த்துக் கொடுத்த பிறகு, அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினாள். பாதியில் குழல் நுனி ஃபேனில் போய் முட்டப் பார்த்தது. "ஃபேனை நிறுத்துங்கய்யா!" என்று நான் கத்தினேன். இறங்கி வந்து, "இது சாமிக்கு முன்னால நடக்கத்தான் லாயக்கு," என்று திருப்பிக் கொடுத்தாள். அடுத்தது ஒன்று, பார்க்கப் பளபளவென்று இருந்தது. ராத்திரிப் பரணில் செய்கிற மாதிரி ஒரு கையால் டார்ச்சைப் பிடித்தபடி இன்னொரு கையால் அதைத் திறந்து மூட முடிகிறதா என்று பார்த்தாள். முடியவில்லை. அதுவும் போனது. கடைக்கு வந்திருந்த இன்னொருத்தர் வேடிக்கை பார்க்க ஒதுங்கி நின்றுகொண்டார்.

கடைசியில் கடைக்காரர் உள்ளேயிருந்து குட்டையான ஒற்றைக்குழல் ஒன்றைக் கொண்டுவந்தார். நடுவில் ஒடித்தால் இரண்டாக மடங்கித் தொங்கும். மதினி அதை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏணியில் ஏறினாள். மேல்படியில் உட்கார்ந்து, இடது கையில் டார்ச்சோடு, வலது கையால் ஒரு உதறு உதறினாள். டக்கென்று நிமிர்ந்து மூடிக்கொண்டது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"இதான்," என்றாள் ஏணி மேலிருந்து.

"லேசான துப்பாக்கிம்மா. தோளுல நல்லா உதைக்கும்," என்றார் கடைக்காரர்.

"எங்க வீட்டுச் செவலைப் பசு உதைக்காத உதையா? கட்டிக் குடுங்க அண்ணாச்சி."

"இருந்தாலும் கார்பைன் மாதிரி வராது அத்தை," என்றாள் செல்வி, விளையாட்டுக்கு.

"உன் கார்பைனை அந்த வெள்ளைக்காரனே வச்சுக்கிடட்டும். அவனுக்கு எடுத்துக் குடுக்க ஆள் இருக்கும்." அப்பாவின் ரெட்டைக்குழலை ஸ்டேஷனிலிருந்து எடுத்து அந்தக் கடையிலேயே ஒப்படைக்க ஏற்பாடு செய்துவிட்டு ஊர் திரும்பினோம்.

சாரல் விழுந்தது. மதினி கன்று வைத்தாள் என்று கேள்விப்பட்டேன். அந்த வாரத்தில் பாண்டித்துரையின் மருமகளுக்கு வளைகாப்பு. தைத்த ஜாக்கெட்டுகளைக் கொடுக்க ஆயிரப்பேரிக்கு அவனுடைய ஊர் வீட்டுக்கே போயிருந்தேன். விளக்கு வைக்கிற நேரம். முன் அறையில் புரோக்கர் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். பாண்டித்துரை என்னைப் பார்த்ததும் குரலை உயர்த்தினான்.

"ஏட்டி சுந்தரி, சாரல் வந்துட்டுல்லா? மனு குடுத்து, ஆபீஸ் ஆபீஸா நடந்து, லைசென்ஸ் வந்துட்டா? வராதுட்டி. நாளைக்குக் காலையில நாங்க தோப்புக்கு வாரோம். மதினியைப் பேனாவோட இருக்கச் சொல்லு. எவ்வளவு கெட்டிக்காரியா இருந்தாலும் பொம்பளை பொம்பளைதான்."

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை. ஜாக்கெட்டை மடித்துக்கொண்டே பேசாமல் இருந்தேன். நான் பேசாமல் இருந்ததே அவனுக்குச் சந்தேகமாகப் பட்டிருக்க வேண்டும். "என்னட்டி, வாயில என்ன வச்சிருக்க?" என்றான்.

அப்போது கேட்டது. ஒரே ஒரு வெடி. மேற்கே கிளம்பி, மலையில் முட்டி, ஈரக்காற்றோடு சேர்ந்து தெருவுக்குள் வந்தது. நாய்கள் எல்லாம் குரைத்தன. பக்கத்து வீடுகளில் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

பாண்டித்துரை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். அவனையறியாமல், "அண்ணன்..." என்றான். சொல்லிவிட்டு அப்படியே நின்றான். அந்தச் சத்தம் கேட்டால் அண்ணன் தோப்பில் இருக்கிறான் என்று எத்தனையோ வருஷமாகப் பழகின காது. அந்த ஒரு நிமிஷம் அவனைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. அவன் படம் போட்ட ஃபிளெக்ஸுக்குக் கீழேதான் அவள் உட்கார்ந்து வெடித்திருக்கிறாள் என்று நினைத்ததும் அந்தச் சங்கடமும் போய்விட்டது.

புரோக்கர் காப்பியைப் பாதியில் வைத்தான். "தோப்புல கேக்க ஆள் இல்லேன்னுல்லா சொன்னிய? அங்கன யாரு?"

நான்தான் சொன்னேன்.

"தோப்புக்காரி இருக்கா."